மொட்டை மாடியில் ஜெர்மன்

என் நாட்குறிப்பில் ஆனி மாதத்துப் பக்கம் ஒன்று இப்படித் தொடங்குகிறது: "காலை 5.10. தொட்டியில் தண்ணீர் முக்கால். மகள் மாடியில் பேசுகிறாள். ஆண் குரல். 5.34க்கு முடிந்தது."

தினமும் காலையில் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டு அளவு பார்த்துக் குறித்து வைப்பது என் பழக்கம். ரயிலேறி அரக்கோணம் போய், அங்கே ரயில்வே பொருள் கிடங்கில் இருபத்தாறு வருடமாக எழுத்தர் வேலை பார்க்கிறேன். உள்ளே வந்த பொருள், வெளியே போன பொருள், கையிருப்பு. ஒன்றைக் குறிக்காமல் விட்டுவிட்டால் அன்று முழுக்கச் செருப்புக்குள் சிறுகல் கிடப்பது போல இருக்கும். வீட்டிலும் அதே புத்திதான். மின்சாரம் போன நேரம், வந்த நேரம், கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள் எல்லாம் என் நோட்டில் இருக்கும். ஆகவே மகளின் பேச்சும் ஏறியது.

அன்று நான் மாடிப்படியின் கடைசித் திருப்பத்திலேயே நின்றுவிட்டேன். அவள் தொட்டிக்கு அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, போனை எதிரில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். தமிழ் இல்லை, எங்கள் வீட்டுத் தெலுங்கு இல்லை, ஆங்கிலமும் இல்லை. கிடங்கில் பழகிய அளவுக்கு எனக்கு இந்தி தெரியும், அதுவும் இல்லை. அவள் ஒன்று சொல்வாள். அந்தக் குரல் காத்திருக்கும். பிறகு நிதானமாகப் பதில் சொல்லும். அவள் சிரிப்பாள். எங்களோடு பேசும்போது பாதி வாக்கியத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிறவள், அங்கே ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துப் பேசினாள்.

மகளுக்கு இருபத்து மூன்று வயது. நர்சிங் முடித்து அரக்கோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. அவளுக்கு மாப்பிள்ளை தேட வேண்டிய அவசியம் எங்களுக்கு இருந்ததில்லை. பொதட்டூர்பேட்டையில் இருக்கும் என் அக்காவின் மகன்தான் என்று அவளுக்குக் காது குத்திய காலத்திலேயே பேச்சு. எட்டு விசைத்தறி வைத்திருக்கிறான், கெட்ட பழக்கம் இல்லை. அவள் அவனைப் பாவா, அதாவது அத்தான், என்று கூப்பிடப் பழகியதே அந்தப் பேச்சோடுதான். வருகிற ஆவணியில் தாம்பூலம் மாற்றுவதாக இருந்தது. இஷ்டமா என்று அவளைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

அப்படி இருக்கும்போது விடியற்காலையில் ஒரு ஆண் குரல். மூன்று நாள் நேரத்தைக் குறித்துக்கொண்டு, நான்காம் நாள் மனைவியிடம் சொன்னேன்.

"மாடியில இவ யாரோடவோ பேசிகினு இருக்கா. ஆம்பளை குரல்."

இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை. "ஆங், பேசிகினுதான் இருக்கா. ஒரு மாசமா பேசறா. உங்க நோட்டுல இப்பதான் ஏறிச்சா?"

"யார் அவன்?"

"ஜெர்மன் மாப்பிள்ளை. வரதட்சணை எதுவும் வாணாமாம். கரெண்டு மட்டும் குட்த்தா போதுமாம்."

அதற்கு மேல் அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. பிறகு சொன்னாள். ஜெர்மனியில் நர்சுகளுக்கு வேலை இருக்கிறது, அந்த மொழியில் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தால் மருத்துவமனையே கூப்பிடும். மகள் வாரத்தில் மூன்று நாள் போனில் வகுப்பு கேட்கிறாள். பேசிப் பழகுவதற்கு ஒரு செயலி. அதில் பேசுவது மனிதன் இல்லை, இயந்திரம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே. கல்யாணம் ஆவட்டும், ரெண்டு பேருமா போவட்டும். பரீட்சை ஆவணிக்கு முன்னாடியே வந்துருது. எதுக்கு எது இடைஞ்சல்?"

இயந்திரம் என்றதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அதைக் காட்டச் சொன்னேன். திரையில் ஒரு நீல வட்டம். பேசும்போது விரிந்து சுருங்கியது.

"மெஷினுக்கு எதுக்கு ஆம்பளை குரல்?" என்றேன்.

"பொம்பளை குரலும் கீது நைனா. அது ரொம்ப வேகமா பேசுது. இது நின்னு பேசுது."

"சரி, இன்னிக்கி காலையில இன்னா பேசின? தமிழ்ல சொல்லு."

"எனக்கு ஒரு தம்பி இருக்கான், ரொட்டிக் கடையில வேலை செய்யறான்னு சொன்னேன்."

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. "பொய்தானே?"

"ரொட்டிக் கடைக்கு வார்த்தை தெரியும் நைனா. தெரிஞ்ச வார்த்தையை வெச்சுதான பேச முடியும்? தம்பியை எங்கியாவது வேலைக்கி அனுப்பணும்ல."

"அப்ப நான்?"

"நீ டாக்டரு. கிடங்கு எழுத்தருன்னு எப்படி சொல்றதுன்னு தெர்ல."

உள்ளே இருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "நான் இன்னாடி?"

"நீ போன வருஷமே செத்துட்டம்மா. துக்கம் விசாரிக்கிற மாதிரி பேசிப் பழகணும்ல, நர்சுக்கு."

"நல்லா கீது. புருஷன் டாக்டராச்சே, ஒரு மாத்திரை குட்த்துருக்கக் கூடாதா?"

இருவரும் சிரித்தார்கள். நான் அன்றைய பக்கத்தில் எழுதினேன்: "இயந்திரத்திடம் மகள் சொன்னவை: தம்பி. ரொட்டிக் கடை. தந்தை மருத்துவர். தாய் காலமானார். நான்கும் இல்லை." இல்லை என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டேன்.

என் சந்தேகம் இரண்டு விதமாக வளர்ந்தது. முதலாவது அந்தப் பொறுமையைப் பற்றியது. எங்கள் ஊரில் மொழி கற்றுக்கொள்வது என்பது ஒருவர் முன்னால் தப்பாகப் பேசி, அவர் சிரித்து, நாம் வெட்கப்பட்டு, மறுநாள் சரியாகச் சொல்வது. நான் இந்தி கற்றதும் அப்படித்தான். ஒருமுறை போல்ட்டுகளைக் கேட்பதாக நினைத்து நான் எதையோ கேட்டுவிட, வடக்கிலிருந்து வந்த மேஸ்திரி ஒருவர் கிடங்கே கேட்கச் சிரித்தார். அந்தச் சொல்லை இன்றுவரை நான் தப்பாகச் சொன்னதில்லை. இந்த இயந்திரம் சிரிப்பதில்லை, அலுத்துக்கொள்வதில்லை, ஒரே தப்பை இருபது தடவை செய்தாலும் இருபத்தோராம் தடவை "மிக நன்று, மறுபடி முயற்சி செய்யலாம்" என்கிறது. லாபம் இல்லாமல் அத்தனை பொறுமை யாருக்கும் வராது என்பது என் அனுபவம்.

இரண்டாவது, பேச்சு எங்கே போகிறது என்பது. அந்தச் செயலியின் நிபந்தனைகளை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தேன். இரண்டு மாலைகள் ஆயின. நடுவில் ஓரிடத்தில், உபயோகிப்பவர் பேசுவதைத் தங்கள் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்வோம் என்று இருந்தது. என்ன ஆராய்ச்சி, யார் செய்கிறார்கள், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்பது இல்லை.

"இதுக்கு நீ ஒத்துக்கினியா?" என்று மகளைக் கேட்டேன்.

"எல்லாரும் ஒத்துக்கறதுதான் நைனா. ஒத்துக்கலைன்னா உள்ளயே வுடாது."

"எங்க கிடங்குல கையெழுத்து இல்லாம ஒரு வாஷர் வெளிய போவாது."

"இது பேச்சுதான? வாஷரா?"

ரயிலில் போகும்போதெல்லாம் அதையே யோசித்தேன். இப்படி ஆயிரக்கணக்கான ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் பேசுவது எல்லாம் எங்கோ ஒரு கட்டடத்தில் சேர்கிறது. எங்கள் தெலுங்கு வாடை அடிக்கும் தமிழ், அந்தத் தமிழ் வாடை அடிக்கும் ஜெர்மன், எல்லாம் அங்கே அடுக்கப்படும். நாளைக்கு இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி படிக்க உட்கார்ந்தால், அவள் எங்கே தடுமாறுவாள் என்பது அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். அது நல்லதுதான் என்று ஒரு மனம் சொன்னது. எங்களைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்த ஒருவன் வாடகையில்லாமல் மாடியில் குடியிருக்கிறான் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனம்தான் எனக்கு எப்போதும் பலமானது.

ஆடி வந்தது. கிருத்திகைக்கு நான்கு நாள் முன்பே, முருகன் மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். விடியற்காலையில் பாட்டு, நடுநடுவே அறிவிப்பு: காவடி எடுப்பவர்கள் இந்தப் பக்கம் வரவும், குழந்தையைக் காணவில்லை, ஆந்திரா பேருந்துகள் அந்தப் பக்கம் நிற்கும். தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றி. அந்த இரைச்சலிலும் மகள் மாடிக்குப் போவதை நிறுத்தவில்லை. பரீட்சை மூன்று வாரத்தில் இருந்தது. குரலை உயர்த்திப் பேசினாள்.

அந்த வாரம்தான் கிடங்கில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். இந்தியில் வரும் கடிதங்களை உடன் வேலை பார்க்கும் ஒருவர் போனைக் காட்டித் தமிழாக்கிப் படிப்பார். அதே போன் பேச்சையும் கேட்டு, எழுத்தில் தமிழாக்கிக் காட்டும் என்றார். என் போனிலும் அதை வைத்துக் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

கிருத்திகை அன்று காலை 5.05க்கு மாடிக்குப் போனேன். மகள் இன்னும் வரவில்லை. தொட்டியில் குச்சி விட்டுப் பார்த்தேன், அரை. பிறகு போனில் ஜெர்மன் என்று வைத்து, தொட்டிக்குப் பின்னால் குழாய் இறங்கும் இடத்தில் திரை மேலே தெரியாதபடி கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். இதை எழுதும்போது இன்றும் கை கூசுகிறது. அன்று கூசவில்லை. கையிருப்புச் சரிபார்க்கப் போகிறவனைப் போலத்தான் செய்தேன்.

5.40க்கு அவள் இறங்கி வந்த பிறகு போய் எடுத்துக்கொண்டேன். அங்கேயே படிக்கத் துணிவில்லை. கூட்டத்தில் நசுங்கி ஸ்டேஷனுக்குப் போய், அரக்கோணத்தில் இறங்கி, நடைமேடைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துதான் திறந்தேன்.

முதல் பக்கம் முழுக்கப் பிதற்றல். ஒலிபெருக்கியின் தமிழையும் தெலுங்கையும் ஜெர்மன் என்று நினைத்து அது பெயர்த்திருந்தது. "பன்னிரண்டு குதிரைகள் பேருந்தில் ஏறவும்" என்று ஒன்று. "மஞ்சள் அமைச்சரைக் காணவில்லை, அவருடைய முட்டை மலையில் இருக்கிறது" என்று இன்னொன்று. எனக்கே சிரிப்பு வந்தது. எதிரில் இருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டுப் பையை நெருக்கி வைத்துக்கொண்டாள். பாட்டு நின்ற இடைவெளியில் வரிகள் தெளிந்தன. அப்படியே நோட்டில் பிரதி எடுத்திருக்கிறேன்.

"என் தந்தையின் சகோதரியின் மகனை நான் திருமணம் செய்துகொள்ள வேண்டும்."

"நீங்கள் அதை விரும்புகிறீர்களா?"

"அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை."

"நான் கேட்கிறேன்."

"இல்லை."

பிறகு இரண்டு வரி குதிரைகள். அதற்குப் பிறகு:

"உங்களை யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா? நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?"

"பாதுகாப்பாக இருக்கிறேன். என் தந்தை நல்லவர். அவர் எல்லாவற்றையும் எழுதி வைப்பார்."

"அவர் என்ன எழுதுகிறார்?"

"தண்ணீர்."

அதோடு மறுபடி ஒலிபெருக்கி.

அன்று கிடங்கில் இரண்டு பதிவுகளை மாற்றி எழுதிவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் அது எனக்குப் பழக்கமில்லாதது.

முதலில் நான் தேடியது தப்பிக்கும் வழியை. அவள்தான் அதனிடம் பொய் சொல்கிறவள் ஆயிற்றே. தம்பியை ரொட்டிக் கடைக்கு அனுப்பியவள், தாயைச் சாகடித்தவள். இதுவும் அப்படி ஒரு பயிற்சியாக இருக்கலாம். பரீட்சையில் கல்யாணத்தைப் பற்றிப் பேசச் சொல்வார்களோ என்னவோ. இப்படி நினைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டை முடித்தேன். கை கழுவும்போது அந்தக் கடைசி வரி நினைவுக்கு வந்தது. மற்ற பேச்சுகளில் நான் டாக்டர். இந்த ஒரு பேச்சில் மட்டும் தண்ணீர் அளவு எழுதுகிறவன். பொய் சொல்கிறவள் ஏன் என்னை மட்டும் உள்ளபடி சொல்ல வேண்டும்?

அடுத்து அந்த இயந்திரத்தின் மேல் ஆத்திரம் வந்தது. யார் இவன் என் மகளைக் கேட்பதற்கு? அத்தை மகனைக் கட்டுவது அவன் ஊரில் வழக்கமில்லை, அதனால் ஏதோ ஆபத்து என்று நினைத்துப் பாதுகாப்பாக இருக்கிறாயா என்று விசாரிக்கிறான். கேட்டதால்தான் அவள் இல்லை என்றாள். கேட்காமல் இருந்தால் அந்த இல்லை பிறந்தே இருக்காது. இப்படியெல்லாம் எழுதி இரண்டு பக்கம் நிரப்பியிருக்கிறேன். இப்போது படித்தால், எழுதினவனுக்கே தன் பேச்சில் நம்பிக்கை இல்லை என்பது தெரிகிறது.

பிறகு மகளைக் கண்காணித்தேன். அக்கா போனில் கூப்பிட்டுத் தாம்பூலப் புடவையைப் பற்றிக் கேட்டாள். அரக்குப் போடலாமா, பச்சை போடலாமா?

"உங்க இஷ்டம் அத்த," என்றாள் மகள்.

"ஜரிகை அகலமா இருக்கலாமா?"

"உங்க இஷ்டம் அத்த."

அந்த ஒரு அழைப்பில் நான்கு தடவை அதைச் சொன்னாள் என்று குறித்திருக்கிறேன். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை. வருகிற நோயாளியிடம் படுக்கை எண் சொல்வது போல இருந்தது.

இதே நாட்களில் என் போனில் வரன் பார்க்கும் விளம்பரங்கள் வரத் தொடங்கின. மகளுக்கு நல்ல வரனா, இன்றே பதிவு செய்யுங்கள் என்று. நான் அப்படி எதையும் தேடவில்லை, யாரிடமும் எழுதிக் கேட்கவில்லை. மூன்று நாளில் ஏழு விளம்பரம். எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தற்செயல் என்று சொல்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பரீட்சை சென்னையில். துணைக்கு நான் போனேன். அரக்கோணத்தில் மாறி ஏறியதும் ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது, எதிரில் எனக்கு. திருவாலங்காடு தாண்டியபோது கேட்டுவிட்டேன்.

"பாவாவைக் கட்டிக்க உனக்கு இஷ்டமா?"

அவள் கையிலிருந்த குறிப்புத் தாள்களிலிருந்து நிமிர்ந்தாள். "இன்னா நைனா, பரீட்சைக்கிப் போறப்ப கேக்கற?"

"இஷ்டமா, இல்லையா?"

"யாரு இன்னா சொன்னாங்க உன்கிட்ட?"

பொய் சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து, கிருத்திகைப் பக்கத்தைப் பிரித்து அவளிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். குதிரைகளையும் அமைச்சரையும்கூட நான் விடாமல் எழுதியிருந்தேன். அங்கே அவள் உதடு லேசாக அசைந்தது. பிறகு முகம் மாறியது. திருவள்ளூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒளிஞ்சு கேட்டியா?"

"போனை வெச்சேன்."

"அதுக்குப் பேரு இன்னா?"

"ஒளிஞ்சு கேட்டதுதான்."

"என்னைக் கேக்காம மெஷினைக் கேட்டுருக்க."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அது என்னைக் கேட்டுச்சு நைனா. அதுக்கு என் மேல அக்கறைன்னு நான் நெனைக்கல. அதுக்குக் கேக்கத்தான் தெரியும். ஆனா கேட்டுச்சு."

"சரி. இப்ப நான் கேக்கறேன்."

"அங்க ஒரு வார்த்தையில சொல்லிட்டேன். அந்த பாஷையில எனக்கு அத்தையும் இல்ல, பாவாவும் இல்ல, அம்மாவும் செத்துட்டா. சொன்னா யாருக்கும் வலிக்காது. நம்ம பேச்சுல வாயைத் தொறந்தா எல்லாரும் வந்து எதிர்ல நிக்கறாங்க. அத்த, எட்டு தறி, அந்த அரக்குப் பொடவை, எல்லாம்."

அவள் நோட்டை மூடி என் மடியில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், தாயோடு பேசும் தெலுங்கில் சொன்னாள்:

"வத்து நைனா." வேண்டாம்.

என்னிடம் அவள் தெலுங்கில் பேசுவது குறைவு. சட்டைப் பையில் பேனா இருந்தது. எடுக்கவில்லை.

பரீட்சை நடந்த கட்டடத்துக்கு எதிரில் ஒரு ஜூஸ் கடையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவர்களில் பாதிப்பேர் அவளைப் போன்ற பெண்கள்தான். ஒரு பெண் நடந்தபடியே போனில் யாருக்கோ கன்னடத்தில் பதில் சொன்னாள், இன்னொருத்தி மலையாளத்தில் அழுதாள். இவர்கள் எல்லோரும் அந்த நீல வட்டத்திடம் என்னென்ன சொல்லியிருப்பார்கள், வீட்டில் சொல்லாதவை எத்தனை இருக்கும், அவை எல்லாம் யாருடைய ஆராய்ச்சிக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போனை வைத்தது உட்பட. அவள் மகள் சொன்னதற்கு அழுதாள்; நான் செய்ததற்கு அழவில்லை. "நீங்க ஒளிஞ்சு அவ பேச்சைக் கேட்டீங்க, உங்க போனு ஒளிஞ்சு உங்க பேச்சைக் கேக்குது. சரியாப் போச்சு," என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க அக்காகிட்ட நீங்கதான் போவணும். நான் வர மாட்டேன்," என்றாள்.

மறு ஞாயிறு பொதட்டூர்பேட்டைக்குப் பேருந்து ஏறினேன்.

அக்கா வீட்டில் கூடத்தை ஒட்டியே தறிக் கொட்டகை. எட்டுத் தறியும் ஓடினால் காதோடு காதாகக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அந்த வீட்டில் ஒரு முறை உண்டு: தறி ஓடும்போது எதை வேண்டுமானாலும் பேசலாம், அதற்கு யாரும் பொறுப்பில்லை. முக்கியமானது என்றால் தறியை நிறுத்திவிட்டுத்தான் பேசுவார்கள். நிறுத்திப் பேசியதை மாற்றக் கூடாது.

நான் மருமகனிடம் கையால் சைகை காட்டினேன். அவன் ஒவ்வொன்றாக நிறுத்தினான். கடைசித் தறி நின்றதும் காதில் ரீங்காரம் மட்டும் இருந்தது. அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாடா, தறியை நிறுத்தற அளவுக்கு வந்துட்ட?"

சொன்னேன். மகளுக்கு இஷ்டமில்லை என்று நேராகவே சொன்னேன்.

"யாரு சொன்னது? என்கிட்ட உங்க இஷ்டம்னாளே, வாய் நெறைய?"

"நம்மகிட்ட அப்பிடித்தான் சொல்லுவா அக்கா. நாம கேட்டதே அப்பிடித்தான."

"காது குத்தும்போதே பேசின பேச்சு. இதே எடத்துல."

"அன்னிக்கி தறி ஓடிகினு இருந்துச்சு."

வாதத்துக்காக அதைச் சொன்னேன். சொன்னதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. அக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"நல்லாப் பேசற. எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கறவன் கிட்ட நான் எங்க பேச முடியும்? போ, அவ நல்லா இருக்கட்டும். நீ மட்டும் இனி இங்க சாப்புட்றதுக்கு வராத." உள்ளே போய்விட்டாள்.

மருமகன் தறியோரம் நின்று, அறுந்த இழை ஒன்றை இரண்டு விரலால் முடிந்துகொண்டிருந்தான். அவன் பக்கம் போய், "மனசுல வெச்சிக்காதப்பா," என்றேன்.

"என்னையும் யாரும் கேக்கல மாமா," என்றான்.

அவனுக்கும் விருப்பமில்லை போல என்று ஒரு கணம் மனம் லேசானது.

"கேட்டிருந்தா, இஷ்டம்னு சொல்லியிருப்பேன்."

முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு முதல் தறியை ஓட்டினான். பிறகு இரண்டாவது. எட்டாவது ஓடும்வரை நான் அங்கேயே நின்றேன். அவன் திரும்பவில்லை.

அந்த நாளின் பக்கத்தில் பேருந்து ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் மட்டும் இருக்கின்றன.

பரீட்சை முடிவு வந்தது. மூன்று பகுதியில் தேறியிருந்தாள், கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியில் குறைந்துவிட்டது. அந்த ஒன்றை மட்டும் மறுபடி எழுத வேண்டும். ஆகவே காலையில் மாடிப் பேச்சு தொடர்கிறது. ஆவணி போய்விட்டது. அக்கா வீட்டிலிருந்து போன் வருவதில்லை. மனைவி மாலைகளில் பொதட்டூர்பேட்டைப் பேருந்து வந்து போகும்போது வாசலைப் பார்க்கிறாள்.

அந்த இயந்திரத்தை நான் இப்போதும் நம்பவில்லை. அது கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதைக் கேட்க அதற்கு எந்த உறவும் தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எங்களுடைய அந்த "இல்லை" எந்தக் கட்டடத்தில், எந்த அடுக்கில் இருக்கிறது என்று யாராவது கையெழுத்துப் போட்டுச் சொல்லும் நாள் வரை இந்த உறுத்தல் இருக்கும்.

நேற்றுக் காலை 5.10க்கு மாடிக்குப் போனேன். போனைக் கீழேயே வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் படி ஏறும்போது இருமிவிட்டுத்தான் ஏறுகிறேன். மகள் பேச்சை நிறுத்தாமல் என் பக்கம் கையைக் காட்டி அதனிடம் ஏதோ சொன்னாள். அது பதில் சொன்னது.

"இன்னா சொன்ன?"

"நைனா வந்துட்டாரு, தண்ணி பாக்கன்னு சொன்னேன்."

"அது இன்னா சொல்லுது?"

"எவ்ளோ தண்ணி கீதுன்னு கேக்குது."

அவள் முகத்தைப் பார்த்தேன். அது அப்படித்தான் கேட்டது என்று நான் நம்பவில்லை. ஆனாலும் குச்சியை விட்டு, எடுத்து, ஈரம் ஏறியிருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்து, "முக்கால்னு சொல்லு," என்றேன்.